அறிக்கையில் இல்லாத குட்டி

மாத்திரை தொண்டையைத் தாண்டிவிட்டது. மணி பத்து ஐந்து. இனி எழுபது நிமிடம் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். காபி கூடாது, படி ஏறக்கூடாது. எழுபதாவது நிமிடம் டாக்டர் நஸ்ரீன் கூப்பிடுவார், உள்ளே போய் விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, நான் எழுதிவைத்திருக்கும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஆறு செவ்வாய்க்கிழமை, ஆறு தடவை. இன்று ஆறாவது, கடைசி. அடுத்த திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் என்னோடு இன்ஜினில் ஏறுவார், திருச்சியிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் இடது கையையே பார்த்துக்கொண்டு வருவார். அந்தக் கை காரணமில்லாமல் பிரேக்குக்குப் போனால் முடிந்தது கதை. பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டிய அமலோற்பவம், மிச்சமிருக்கும் பத்தொன்பது வருஷத்தை ஷெட்டில் ஃபைல் தூசி தட்டிக் கழிக்க வேண்டியதுதான். நாக்கில் இன்னும் கசப்பு இருக்கிறது. இத்தனை சின்ன மாத்திரைக்கு இத்தனை கசப்பு. ரோஸ் நிறம், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. புது மருந்தும் இல்லையாம், ரத்தக் கொதிப்புக்காரர்கள் வருஷக்கணக்காக விழுங்கிக்கொண்டிருப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் சூசை காலையில் வாசலில் நின்று, "மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வா, உன்னப் பார்த்தா எனக்குல்ல படபடங்குது" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்காமல் செருப்பை மாட்டினேன். இப்போது, மூன்று மணி நேரம் கழித்து, இந்த பினாயில் வாசத்தில் உட்கார்ந்து சிரிப்பு வருகிறது. எனக்கு எல்லாமே லேட்டாகத்தான் வரும், பிரேக்கைத் தவிர.

பக்கத்தில் கோமளா உட்கார்ந்து முறுக்கு தின்கிறாள். மாத்திரை போட்டவர்களைத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், துணைக்கு ஆள் வேண்டும், சூசைக்கு இன்று மின்வாரியத்தில் லீவு கிடைக்கவில்லை, அதனால் கோமளவல்லி. நாலு வருஷமாக என் அசிஸ்டென்ட். இன்ஜினில் என் வலது பக்கம் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்து அவள் கூவவேண்டும், நான் அதைத் திருப்பிக் கூவவேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் விதி. அவள் "டிஸ்டன்ட் கிரீன்", அதாவது தூரத்து சிக்னல் பச்சை, என்று கையை நீட்டிச் சொன்னால், நானும் கையை நீட்டி "டிஸ்டன்ட் கிரீன்" என்று சொல்லவேண்டும். எனக்குத் தெரியாதா, கண் இல்லையா, என்று ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். ஒரு நாளைக்கு நூறு தடவை, இருநூறு தடவை. வீட்டில் சூசை "சோறு ரெடி" என்றால்கூட "சோறு ரெடி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் இரண்டு பேர் வாய் வழியாக வந்தால்தான் ஒரு சிக்னல் சிக்னல். ஒருத்தி மட்டும் பார்த்தது கணக்கில் சேராது. இந்த ஆஸ்பத்திரி வைத்தியத்திலும் அதேதான் போலிருக்கிறது, மனசுக்குள் ஓட்டிப்பார்த்தால் போதாது, இன்னொருவர் காது கேட்க வாயால் சொல்ல வேண்டும் என்கிறார் டாக்டர்.

பக்கம் என் பையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஐந்து வாரத்தில் மனப்பாடம். நேரம் பதினொன்று நாற்பத்தாறு. அரியலூர் தாண்டி இருநூற்றுப் பதினாலாவது கிலோமீட்டர். வேகம் நூறு. வளைவு முடிந்து நேர்ப்பாதை. பாதையின் மேல் கால்நடைகள், அவற்றை ஓட்டும் ஆண் ஒருவர், வயது சுமார் நாற்பத்தைந்து, தோளில் பச்சைத் துண்டு. தொடர்ந்து ஹாரன் கொடுக்கப்படுகிறது. கால்நடைகள் விலகுகின்றன. ஆண் விலகுகிறார். ஆண் மீண்டும் பாதைக்குள் வருகிறார். அவசர பிரேக் போடப்படுகிறது. முதல் தடவை இதைப் படித்துக் காட்டியபோது டாக்டர் நஸ்ரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், தப்பா நெனைக்காதீங்க, இது உங்க ஆபீஸுக்குக் கொடுத்த ரிப்போர்ட்டா?" என்று கேட்டார். ஆமாம், அதைப் பார்த்துத்தான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? பத்தொன்பது வருஷமாக எழுதத் தெரிந்ததே அதுதான். "உங்க உடம்பு என்ன பண்ணுச்சுன்னு சேருங்க, கை, வயிறு, மூச்சு, எல்லாம்" என்றார். சேர்த்தேன். கை வேர்க்கிறது. வயிறு முறுக்குகிறது. காதுக்குள் இரைச்சல். தாடை இறுகிப் பல் கடிக்கிறது. அந்த முதல் செவ்வாய்க்கிழமை, மாத்திரை போட்டும்கூட, 'மீண்டும் பாதைக்குள் வருகிறார்' என்ற இடத்தில் நாடி நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் வாரம் நூற்றிரண்டு. போன வாரம் எழுபத்திநாலு. டாக்டரே திரையைத் தட்டிப் பார்த்தார், கிளிப் கழன்றுவிட்டதோ என்று.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண் விளக்கிச் சொல்கிற விதம் அழகு. வயது முப்பத்திரண்டு இருக்கும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், தலையில் முக்காடு, கையில் எப்போதும் ஒரு பென்சில். மூளைக்குள்ளே, காதுக்கு நேராக உள்ளே போனால், இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவில் ஒரு முடிச்சு இருக்கிறதாம். பயம், பாசம், கோபம் எல்லாம் அங்கேதான் முதலில் வந்து கதவைத் தட்டுமாம். அங்கே இருக்கிற உயிரணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி, அதைத் தாண்டித்தான் ஒன்று இன்னொன்றுக்குச் சேதி சொல்ல வேண்டும். சாதாரண நாளில் அந்தச் சேதி லேசாகப் போகும். உயிர் போகிற பயம் ஒன்று வந்துவிட்டால் அந்த இணைப்பு பலமாகிவிடும், அப்புறம் ஊசிமுனை அளவு சேதி வந்தாலும் அந்தப் பக்கம் வெடிபோல் கேட்கும். உடம்பில் ஊறுகிற அட்ரினலின் அந்த இணைப்பை இறுக்கி விடுகிறது. "நீங்க அந்த நாளை வெளிய எடுத்து நெனைக்கிறப்ப, அந்த இணைப்பு கொஞ்ச நேரம் இளகும். திரும்ப இறுகணும். இறுகுற நேரத்துல அட்ரினலினோட கைய இந்த மாத்திரை பிடிச்சுக்கும். அதனால முன்ன இருந்த அளவுக்கு இறுகாது, அப்படித்தான் எதிர்பார்க்குறோம். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார். சத்தியம் பண்ணமாட்டேன் என்று சொன்னாரே, அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். அரியலூர்ப் பக்கம் ஓடி ஓடி எனக்குச் சிமென்ட்தான் ஞாபகம் வந்தது. ஈரமாக இருக்கும்போது கை வைத்தால் உண்டு, காய்ந்துவிட்டால் கடப்பாரைதான். எங்கள் சீனியர்கள் பிராந்தியை ஊற்றினார்கள். ஒருவர் ஓட்டிய வண்டியில் ஆள் அடிபட்டால் அன்று டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் பாட்டிலோடு உட்காருவார், மறக்கிறதுக்கு என்பார். கடைசி வரைக்கும் மறக்கவில்லை, டம்ளர் பிடிக்கிற கைதான் நடுங்கியது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். "சாராயம் மனுஷனையே மொத்தமா அணைக்கும், அந்த ஒரு நாளை மட்டும் எடுத்து அணைக்காது" என்றார்.

அந்தப் பாதாம்பருப்பின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதைச் சொன்னால் சூசைகூடப் புரிந்துகொள்ளமாட்டார். கோபம் இல்லை, மரியாதைதான். ஏனென்றால் அன்றைக்கு பிரேக்கை நான் போடவில்லை. கை போட்டது. அவர் திரும்பி உள்ளே வருகிறார் என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, நான் முடிவெடுத்து, அப்படியெல்லாம் நடக்கவே இல்லை. நான் புரிந்துகொண்டபோது கைப்பிடி கடைசி வரைக்கும் தள்ளியாகிவிட்டது, காற்றுச் சீறிக்கொண்டிருந்தது. குறுக்கு வழி ஒன்று இருக்கிறதாம், கண்ணிலிருந்து அந்த முடிச்சுக்கு நேராக, அறிவைக் கேட்காமலே. என்ன ஒரு ஏற்பாடு! ஆயிரத்து இருநூறு பேரை இழுத்துக்கொண்டு போகிற எனக்கு முன்னால், எனக்குள்ளேயே ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கிறான், சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது, என்னைவிட அரை நொடி சுறுசுறுப்பு. அவன் கையைத்தான் இந்த மாத்திரை பிடிக்கப் போகிறது. நிஜமாகவே ஒருவர் நடுவில் வந்தால் அவன் எழுந்திருப்பானா? முதல் வாரம் இதைத்தான் கேட்டேன். "எழுந்திருப்பான். பயம் முழுசும் போகாது, போகவும் கூடாது. பொய்யா எழுப்புறவங்கள மட்டும் நிறுத்தப் பார்க்குறோம்" என்றார். பிடித்துவிட்டது எனக்கு அந்தப் பெண்ணை. இருந்தாலும் பிரேக் போட்டும் வண்டி நிற்க அறுநூறு மீட்டர் ஆனது. எனக்குள் இருக்கும் அந்த டிரைவராலும் அறுநூறு மீட்டரைச் சுருக்க முடியவில்லை.

மணி பத்து முப்பது. உள்ளங்கை லேசாகக் குளிர ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை இறங்குகிறது என்று அர்த்தம். மார்புக்குள் நடை குறைகிறது. நல்ல மருந்து, நான் பயந்தது நடக்கவில்லை. நான் பயந்தது என்ன, அந்த மனுஷனையே துடைத்துப்போட்டுவிடும் என்று. ஊர் பேர் தெரியாத ஒருவர் என் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போயிருக்கிறார், அவரை நானும் மறந்துவிட்டால் பாவம் இல்லையா என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. துடைக்கவில்லை. பச்சைத் துண்டு இருக்கிறது, அதன் ஓரத்தில் கட்டம் இருக்கிறது, காலில் செருப்பு இல்லாதது இருக்கிறது. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது, நெஞ்சில் இடிக்கிறது மட்டும் இல்லை. இப்போது அவரைச் சாவகாசமாகப் பார்க்க முடிகிறது. இது எவ்வளவு பெரிய காரியம். அப்படியென்றால் போன வியாழக்கிழமை ஏன் அப்படி ஆனது? ஷெட்டில் சேரில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எவனோ தின்றுபோட்ட பரோட்டா பொட்டலத்தின் வெள்ளை பிளாஸ்டிக் கவர் காற்றில் உருண்டு வாசலைத் தாண்டிப் போகிறது, என் இடது கை வெறும் காற்றைப் பிடித்துத் தள்ளுகிறது. ஃபைல் எல்லாம் தரையில். அங்கிருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். பக்கத்தைப் படித்தால் நாடி எழுபத்திநாலு, கவரைப் பார்த்தால் கை பறக்கிறது. பக்கம் ஆறிவிட்டது, கை ஆறவில்லை. எங்கே இடிக்கிறது? டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே வண்டி ஓட்டத் தகுதி இல்லை என்று எழுதிவிடுவாரோ என்று பயம். மூன்று தடவை வெட்டியாக வண்டியை நிறுத்தியிருக்கிறேன். முதல் தடவை பாதையோரம் கிடந்த சிமென்ட் சாக்கு. இரண்டாவது யாரோ வேலியில் காயப்போட்ட வேட்டி. மூன்றாவது ஒரு கொக்கு. கொக்குக்காக எக்ஸ்பிரஸை நிறுத்திய ஒரே டிரைவர் நான்தான் என்று ரன்னிங் ரூமில் பேர். அந்த மூன்றாவது தடவை ஒரு பயணியின் மடியில் சூடான டீ கொட்டித் தொடையெல்லாம் கொப்புளம். அதோடு என்னை வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்கார வைத்தார்கள், என்னைக் கேட்டால் நானே என்னை இறக்கித்தான் விட்டிருப்பேன்.

நான் எழுதிய பக்கத்தில் ஒன்று இல்லை. இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அந்த ஆள் ஏன் மீண்டும் உள்ளே வந்தார் என்பது அதில் இல்லை. ஒரு குட்டி. ஆட்டுக்குட்டி, பிறந்து பத்து நாள் இருக்குமா, அப்பழுக்கில்லாத வெள்ளை, ஜல்லியில் கால் சிக்கி நடுப்பாதையில் படுத்துவிட்டது. மற்ற ஆடுகளை அவர் தள்ளியாகிவிட்டது, தானும் ஒதுங்கியாகிவிட்டது. திரும்பிப் பார்க்கிறார். அடுத்தது நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவர் ஓடவில்லை. பதறவில்லை. வீட்டில் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கப் போகிறவர்போல் இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்து, குனிந்து, அதன் காலை ஜல்லியிலிருந்து விடுவித்து, இரண்டு கையாலும் தூக்கி அந்தப்பக்கம் எறிந்தார். அது புல்லில் விழுந்து, உருண்டு, எழுந்து நாலு காலில் நின்றது. அதை நான் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஹாரன் அலறலில், பிரேக் சீறலில், என் கண் அந்தக் குட்டி எழுந்து நிற்பதைப் பார்த்தது. ரிப்போர்ட்டில் அதற்கு இடம் இல்லை, ரிப்போர்ட்டில் எல்லாம் கால்நடைதான். ஆனால் ரிப்போர்ட் ஒரு சாக்கு. உண்மை என்ன என்றால், டாக்டர் சொன்னாரே, வெளியே எடுத்தால் இளகும் என்று, அதைக் கேட்டதும் நான் உஷாராகிவிட்டேன். அழுக்குத் துணியோடு பட்டுச்சேலையை யாராவது ஊறப்போடுவார்களா? அந்த மத்தியானத்தில் நல்லது என்று இருந்தது அது ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு தூக்கிப்போடும், ஆனால் அது பயத்தில் தூக்கிப்போடுவது இல்லை, வேறு மாதிரி. ஒரு மனுஷன் இப்படியும் இருப்பானா என்கிற மாதிரி. அதையும் இந்த ரோஸ் மாத்திரைக்குக் கொடுத்து எழுபத்திநாலு ஆக்கிக்கொள்ளவேண்டுமா? கொடுக்கமாட்டேன். டாக்டர் திறமைசாலிதான், மாத்திரை கெட்டிக்கார மாத்திரைதான், இருக்கட்டும். குட்டி எனக்கு.

"என்னக்கா, வாய் முணுமுணுங்குது?" என்கிறாள் கோமளா. "ஒண்ணுமில்லடி, பக்கத்த ஓட்டிப் பார்க்குறேன்." முறுக்குத் தூளைத் தட்டிக்கொள்கிறாள். இவளைப் பற்றியும் அந்தப் பக்கத்தில் எழுதவில்லை. அன்று வண்டி நின்றதும் கார்டோடு இறங்கிப் பின்னால் நடந்து போனவள் இவள்தான். நான் இறங்கவில்லை, சீட்டிலேயே இருந்தேன். இருபது நிமிடம் கழித்து ஏறி வந்தாள், பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினாள், "அக்கா, குட்டி உசுரோட இருக்குக்கா, ஒரு பொம்பளை தூக்கி இடுப்புல வச்சிருக்கு" என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள். அப்புறம் தன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது, அடுத்த சிக்னல் வந்தது, கையை நீட்டி, குரலில் ஒரு பிசிறும் இல்லாமல், "டிஸ்டன்ட் கிரீன்" என்றாள். எனக்குக் குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை, "டிஸ்டன்ட் கிரீன், அக்கா" என்றாள், டியூட்டியில் ஒருநாளும் அக்கா என்று சொல்லாதவள். நான் திருப்பிச் சொல்லிவிட்டேன். அவள் இல்லையென்றால் அந்த வண்டி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. இதையெல்லாம் அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் "போங்கக்கா" என்று வெட்கப்படுவாள்.

"கோமளா, அந்த மூணு தடவையும் நான் பிரேக் போட்டேனே, நீ பக்கத்துலதான இருந்த. எப்படி இருந்தேன் நான்?" ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எதுக்குக்கா இப்ப?" "சொல்லு." "கத்துனீங்க." "தெரியும். ஆளு ஆளுன்னு கத்துனேன். ரிப்போர்ட்லதான் இருக்கே." கோமளா தரையைப் பார்த்தாள். "அந்த மூணு ரிப்போர்ட்டையும் நான்தானக்கா எழுதுனேன். பாதையில் ஆள் இருப்பதாகக் கருதின்னு. நீங்க ஆளுன்னு கத்தல." "பின்ன?" "குட்டின்னு கத்துனீங்க. மூணு தடவையும் குட்டிதான். ஆட்டுக்குட்டிக்காக எக்ஸ்பிரஸ நிறுத்துனாங்கன்னு எழுதுனா உங்கள என்ன சொல்வாங்க? ஆளுன்னா ஒரு நியாயம் இருக்கும்ல. அதான் மாத்தி எழுதிட்டேன். நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க." குட்டி என்று அவள் சொன்னபோது மடியில் இருந்த என் இடது கை ஒரு அங்குலம் எழும்பி விழுந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மணி பத்து ஐம்பது. சாக்கு வெள்ளை. வேட்டி வெள்ளை. கொக்கு வெள்ளை. பரோட்டா கவர் வெள்ளை. இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், நான் ஐந்து வாரம் மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். உள்ளே இருக்கும் அந்த டிரைவர் ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கவே இல்லை, ஆள் என்றைக்கோ ஆறிவிட்டார். அவன் குட்டிக்காகத்தான் எழுந்துகொண்டிருக்கிறான். நான் பட்டுச்சேலை என்று ஒளித்துவைத்ததில்தான் திரி இருந்திருக்கிறது. ஐந்து வாரமும் மாத்திரை தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது, நான் எடுத்துக் கொடுத்ததை எல்லாம் இளக்கியது, எடுத்துக் கொடுக்காததைத் தொடவில்லை, எவ்வளவு நாணயம். தப்பு என்னுடையது. ரிப்போர்ட் எழுதுகிறவள் புத்தி. கோமளா என்மேல் இருந்த பாசத்தில் குட்டியை ஆள் ஆக்கினாள், நானும் ஆள்தான் காரணம் என்று நம்பிக் குட்டி இல்லாமல் பக்கம் எழுதினேன், மாத்திரை அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலை செய்தது. இவள்மேல் கோபப்பட முடியுமா? ஆனால் குட்டியை இப்போது கொடுத்தால்தான் உண்டு. ஏழாவது செவ்வாய்க்கிழமை கிடையாது. கொடுத்தால் அந்த நெஞ்சு தூக்கிப்போடுவது போய்விடும். குட்டி எழுந்து நிற்கும், எனக்கு ஒன்றும் ஆகாது, கொக்கு நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். ஒரு மனுஷன் தன் உயிரைக் கொடுத்து நிறுத்திய குட்டியை எழுபத்திநாலில் பார்ப்பதா? கொடுக்காவிட்டால் பாதை எங்கும் வெள்ளைதான். அரியலூரில் எது வெள்ளை இல்லை? திங்கட்கிழமை கை பறக்கும், இன்ஸ்பெக்டர் எழுதுவார், இல்லை, பறக்காமல் தப்பித்துவிட்டால் இன்னும் மோசம், வேறொரு நாள் வேறொருவர் மடியில் டீ, மேல் பெர்த்துக்கு ஏணியில் ஏறிய பிள்ளை கீழே. குட்டியை நான் வைத்துக்கொள்ள அவர்கள் விழவேண்டுமா? அந்த மனுஷன் குட்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கையில் பிடித்திருக்கவில்லை. எறிந்தார். கோமளாவிடம் பேனா கேட்டேன். 'கால்நடை' என்று ஆரம்பித்துவிட்டேன் மறுபடியும். அடித்துவிட்டு, குட்டி என்று எழுதினேன்.

"வாங்க மேடம்" என்று கதவில் டாக்டர் நஸ்ரீன். மணி பதினொன்று பதினைந்து. உள்ளே ஜன்னல் திரை பாதி மூடியிருக்கிறது, கிளிப் விரலைக் கவ்வுகிறது, அறுபத்தொன்று என்று திரையில் பச்சை எண். "டாக்டர், ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றேன். குட்டியைச் சொன்னேன், கவரைச் சொன்னேன், கோமளா எழுதியதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். "நல்லதுன்னு நெனச்சு வச்சிக்கிட்டீங்க" என்றார். "ஆமா. அதையும் எடுத்துக்கிட்டா எனக்கு அந்த ஆளு மேல இருக்குற இது போயிருமோன்னு." "எது?" "மலைப்பு" என்றேன். அவர் யோசித்தார். "தெரியல மேடம். துடிப்பு குறையும். மலைப்பு குறையுமான்னு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கல. படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்." தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர். நான் பக்கத்தை விரித்தேன்.

படிக்கிறேன். நேரம் பதினொன்று நாற்பத்தாறு. வளைவு முடிகிறது. ஆடுகள். பச்சைத் துண்டு. ஹாரன் அடிக்கிறேன். ஆடுகள் விலகுகின்றன, அவர் விலகுகிறார். இனி புதுசு, என் கிறுக்கல் எழுத்து. ஒரு வெள்ளைக் குட்டி நடுப்பாதையில் படுத்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். உள்ளே வருகிறார். நாடி எழுபது என்று ஓரக்கண்ணில் தெரிகிறது. என் கை பிரேக் போடுகிறது. அவர் குனிகிறார். காலை விடுவிக்கிறார். எறிகிறார். குட்டி உருள்கிறது. குட்டி எழுந்து நிற்கிறது. குட்டி என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இடது கை மடியில் கிடந்தபடி கிடக்கிறது, யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரி. எழுபத்திரண்டு. நான் காத்திருந்தேன், இப்போது ஒன்றுமில்லாமல் ஆகும், கொக்கு மாதிரி ஆகும் என்று. ஆகவில்லை. நெஞ்சு இடிக்காததால் கண் குதிக்கவில்லை. இத்தனை மாதமும் குட்டி நின்றதும் என் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் இருட்டு. இன்று ஒட்டவில்லை. இன்று கண் நிதானமாகக் குட்டியிலிருந்து அவருக்குத் திரும்பியது. அவர் என் வண்டியைப் பார்க்கவில்லை. கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை. குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது நாலு காலில் நின்றதை அவர் பார்த்துவிட்டார். அதற்கு நேரம் இருந்தது. அவர் முகம் இறுக்கமாக இல்லை, வேலை முடிந்தவர் முகமாக இருந்தது. இதை நான் அன்று பார்த்தேனா, இல்லை இந்த இளகிய நேரத்தில் நானே எழுதிச் சேர்த்துவிட்டேனா, சத்தியம் பண்ணமாட்டேன். பக்கத்தில் எழுதாத வரியை வாய் தானாகச் சொல்லியது. அவர் பார்த்துவிட்டார். கன்னம் நனைந்து கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அழுறீங்க. பல்ஸ் அறுபத்தெட்டுதான்" என்றார். பென்சில் எதையோ எழுதப் போய் எழுதாமல் நின்றது. கதவுக்கு வெளியே கோமளாவின் வளையல் சத்தம், அவள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், கழுதை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை முதலிலிருந்து திருப்பினேன். "இன்னொரு தடவ படிக்கட்டுமா டாக்டர்?"

"வேண்டாம் மேடம், போதும். இன்னைக்கு நல்லாவே வந்திருக்கு."

"பயத்துக்கு இல்ல டாக்டர்" என்றேன். "அந்த மனுஷனப் பார்க்கணும்."